விலக்கு பெற்ற வீடு

பின்கதவின் உட்புறத்தில் யாரோ சாக்குக்கட்டியால் கோடு கிழித்திருந்தார்கள்.

ராஜரத்தினம் ஆபீசிலிருந்து வந்து, கால் கழுவக் கொல்லைப்பக்கம் போகும்போதுதான் அதைப் பார்த்தார். நெட்டையாக மூன்று கோடு, ஓரமாகக் குட்டையாக ஒன்று. வெளிப்பக்கத்தில் இருந்திருந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் திட்டிவிட்டு மறந்திருப்பார். இது உள்பக்கம், நல்ல உயரமான ஆள் நின்று எழுதுகிற உயரத்தில். தாழ்ப்பாளோ போட்டது போட்டபடி கிடந்தது. ஜப்பான்காரன் ஆண்ட அந்த வருஷம், மலாக்காவின் காஜா பெராங் வட்டாரத்தில் ஒரு கதவில் கோடு விழுவது நல்லதற்கில்லை. கோடு விழுந்த வீட்டுக்கு லாரி வரும். லாரி வந்து போன வீட்டில் அதற்குப் பிறகு ஆண்பிள்ளைக் குரல் கேட்காது.

வாடை ஒன்றும் இருந்தது. சண்டை தொடங்கியதிலிருந்து மலாக்கா முழுக்க ஒரே வாடைதான்: வேகும் மரவள்ளி, ஈர விறகுப் புகை, சோப்பைக் கண்டே பல மாதமான துணி. அதற்கு நடுவே பின்கதவருகில் மட்டும், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூக்கில் ஏறுமே அந்தக் கார்பாலிக் நெடி, இப்போதுதான் தரையைக் கழுவி விட்டதுபோல் சுத்தமாக நின்றது. வெள்ளைக்காரன் போனதோடு ஊரில் ஒரு சொட்டுக் கார்பாலிக் கிடையாது. நகர சபை ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி ராஜரத்தினத்துக்கு அது நன்றாகவே தெரியும்.

"கமலா, யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலயே. ஏங்க?" அடுப்படியிலிருந்து மனைவி கமலவேணி தலையை நீட்டினாள்.

அவர் ஈரத்துணியை எடுத்துக் கோடுகளைத் துடைத்தார். கை துடைத்தது, மனம் கணக்குப் போட்டது. ஊரறிய அந்த வீட்டில் இருப்பது புருஷனும் பெண்சாதியும்தான். ஊரறியாமல் மச்சில் படுத்துக் கிடப்பவன் கமலவேணியின் தம்பி தேவதாஸ். ஆக மூன்று நெட்டைக் கோடு. எவனோ சரியாகத்தான் எண்ணியிருக்கிறான். அப்படியானால் அந்தக் குட்டைக் கோடு யார்?

தேவதாஸ் செங் என்ற ஊர்ப்பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவன். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி தோட்டத்துக்குள் நுழைந்த அன்று காட்டு வழியாக ஓடி, அக்காள் வீட்டில் வந்து விழுந்தான். அன்றிலிருந்து மச்சுதான் அவனுக்கு உலகம். பொழுது சாயும் நேரத்தில் கமலவேணி முக்காலி மேல் ஏறி ஒரு பலகையை நகர்த்தித் தட்டை உயர்த்துவாள். மேலேயிருந்து ஒரு கை இறங்கி வாங்கிக்கொள்ளும். பால் கறை ஏறிக் கறுத்த அந்த நகங்கள் எத்தனை தேய்த்தும் வெளுக்கவில்லை. கொஞ்ச நாளாக அவனுக்கு இருமல் வேறு. துணியைக் கடித்துக்கொண்டு இருமுவான். ஒவ்வொரு இருமலுக்கும் கீழே இருப்பவர் எழுந்து போய் வாசலைப் பார்ப்பார்.

அவனுக்காகத்தான் ராஜரத்தினம் ஆபீசில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஜப்பான்காரர்கள் வந்த கையோடு ஆபீசுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள், கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பினார்கள். ஆனால் குப்பை, சாக்கடை, கிணறு, நாய் என்று ஊருக்கு இருந்த நூற்றெட்டுச் சட்டத்தையும் புதிதாக எழுத யாருக்குப் பொறுமை? பழையதே செல்லும் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, அதைத் திருத்தி வரிசைப்படுத்தும் வேலையை ராஜரத்தினத்தின் தலையில் கட்டினார்கள். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. விதி மாறினால் பழையதைக் கிழிக்கக்கூடாது. புது வாசகத்தைச் சீட்டில் தட்டச்சு செய்து அதன் மேல் ஒட்ட வேண்டும். அதுவும் மேல் ஓரத்தில் மட்டும் பசை. சீட்டைத் தூக்கினால் அடியில் பழைய சட்டம் தெரிய வேண்டும், அதையும் தூக்கினால் அதற்கும் பழையது. பசை காய்ச்ச மரவள்ளி மாவு கொடுப்பார்கள். அதில் ஒரு கைப்பிடி கிராணி வீட்டு அடுப்புக்கும் போகும், யார் கேட்கிறார்கள்.

கொசுப்புழு தேட எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம் என்று ஒரு விதி. ஆள் பிடிக்கிறவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பார், பின்னால் வரும் சிப்பாய் மச்சை எட்டிப் பார்ப்பான். எந்தெந்த வீடு என்ற பட்டியல் ராஜரத்தினத்தின் சட்டப் புத்தகத்தை வைத்துத்தான் தயாராகும். அந்த விதிக்குக் கீழே ஒரு விலக்கு இருந்தது: அட்டவணையில் கண்ட வீட்டுக்குள் எந்த அலுவலரும் நுழையலாகாது. அட்டவணையில் ஒரே ஒரு வீடு. காஜா பெராங் கோடியில், எப்போதோ இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட வீடு. எந்தப் பெரிய மனுஷனுக்கு யார் செய்த சலுகையோ என்று நினைத்தார். இடித்த வீட்டின் இலக்கத்துக்கு மேல் தன் வீட்டு இலக்கத்தைச் சீட்டாக ஒட்டிவிட்டார்.

ஒட்டும்போது ஒன்று உறுத்தியது. விலக்கு வாசகத்தின் கீழே எழுத்தே இல்லாத வெள்ளைச் சீட்டு ஒன்று, நாலு ஓரமும் பசை தடவி அழுத்தி ஒட்டியிருந்தது. முறை தெரியாத எவனோ செய்தது என்று முகம் சுளித்தார். தூக்கிப் பார்க்கவில்லை. அவசரம், அதற்கு மேல் பயம். பக்கத்து மேசையிலிருந்து அப்பாசாமி வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாசாமி முன்பு சுகாதாரப் பகுதியில் இருந்த கிராணி. எந்த மேசையில் என்ன நடந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"என்னா தம்பி, அந்தப் பக்கத்த என்னா செய்றீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே. பசை விட்டுப்போச்சு, ஒட்டறேன்."

"ஒட்டுங்க, ஒட்டுங்க. கீழ இருக்கறதயும் படிச்சிட்டு ஒட்டுங்க."

அது போன வாரம். இந்த வாரம் கதவில் கோடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய மூளை வேண்டுமா? அப்பாசாமி காட்டிக்கொடுக்கப் போகிறான், அதற்கு முன்னால் பயம் காட்டுகிறான் என்று ராஜரத்தினம் முடிவு கட்டினார்.

மறுநாள் மாலை அதே இடத்தில் அதே கோடுகள் இருந்தன. துடைத்தார். அடுத்த நாள் கதவடியில் அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது சாம்பலில் எறும்பு ஊர்ந்த தடம்கூட இல்லை. கோடுகள் இருந்தன. ஆபீசில் அப்பாசாமியின் விரல்களை, சட்டைக் கையை, பையை எல்லாம் திருட்டுத்தனமாகப் பார்த்தார். சாக்குக்கட்டித் தூள் எங்கும் இல்லை. உள்ளேயிருந்து எழுதுகிறவர்கள் உள்ளேதானே இருக்க வேண்டும் என்று அப்போது ஓர் எண்ணம் வந்தது. வந்தது போகவே இல்லை.

கமலவேணி எதையோ மறைக்கிறாள். யோசிக்க யோசிக்க அது தெளிவாகத் தெரிந்தது. விடியலில் சத்தமில்லாமல் கொல்லைக்குப் போகிறாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். பானையில் இருக்க வேண்டிய மரவள்ளி குறைகிறது. அந்தக் குட்டைக் கோடு அவள் வேறு எங்கோ ஒளித்து வைத்திருக்கிற நாலாவது ஆளா? கட்டிய மனைவியைப் பற்றி இப்படி நினைக்க அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் தூங்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அன்றைய மாலை அவரே முக்காலியில் ஏறிப் பலகையை நகர்த்தினார். மச்சின் புழுக்கம் முகத்தில் அடித்தது. அதோடு, லேசாக, கார்பாலிக்.

"மாமா," என்றான் தேவதாஸ். இருட்டில் கண் மட்டும் தெரிந்தது. "நேத்து நீங்க மேல வந்தீங்கதானே?"

"நானா? நான் ஏன் வரேன்?"

"வெளயாடாதீங்க மாமா. வந்து பக்கத்துல குந்துனீங்க. கையப் புடிச்சுப் பாத்தீங்க. கண்ண இழுத்துப் பாத்தீங்க. நாக்க நீட்டுன்னு சொன்னீங்க." பலகை ஓரமாக நகர்ந்து வந்தான். "கை ரொம்பக் குளுந்து கெடந்துச்சு. அதான் கேட்டேன்."

பலகையை நகர்த்த ஒரே வழி இந்த முக்காலிதான். முக்காலி நேற்று முழுக்க அடுப்படியில் தண்ணீர்க் குடத்தின் கீழே இருந்தது. பையனுக்கு அடைபட்டுக் கிடந்து புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார். வெளியே போகச் சாக்குத் தேடுகிறானோ என்றும் சந்தேகப்பட்டார். சொல்லிக்கொண்டே பலகையை மூடினார்.

மறுநாள் லாரி வந்தது.

டோக்கியோ கணக்கில் மணி எட்டாகியும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. பக்கத்துக் குடியிருப்பான செட்டி கம்பத்துக் கோயிலில் அடித்த மணி நடுவில் நின்றது, பிறகு தெருநாய்களின் குரைப்பு நின்றது, பிறகு பூட்ஸ் சத்தம் வீடு வீடாக நெருங்கி வந்தது. ஒவ்வொரு வாசலிலும் பேச்சு, பாத்திரம் உருளும் ஓசை, ஒரு பெண்ணின் அழுகை, அடுத்த வாசல். ராஜரத்தினம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மூடி வைத்தால் சந்தேகம் வரும். சுகாதார இன்ஸ்பெக்டர் ஷரீஃபுதீன் முன்னால் வந்தார். ஆபீசில் தினமும் பார்க்கிற மனிதர், இப்போது முகம் கொடுக்கவில்லை. இந்த வீடு பட்டியலில் இல்லை என்று அவர் சொன்னதை வாள் கட்டிய அதிகாரி காதிலேயே வாங்கவில்லை. அவரை ஒதுக்கிவிட்டுப் படியில் கால் வைத்தான்.

வைத்தவன் நின்றான்.

ராஜரத்தினத்தின் தோளுக்கு மேலே, நடைக்குள் எதையோ பார்த்தான். கூட வந்த சிப்பாய்களும் பார்த்தார்கள். அதிகாரி காலைப் பின்னால் எடுத்தான், இடுப்பை வளைத்து வணங்கினான், திரும்பி நடந்தான்.

ஷரீஃபுதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "என்னா கிராணி நீங்க? உள்ள இன்ஸ்பெக்டர் ஒருத்தரு ஏற்கனவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. முன்னாடியே சொல்லப்படாதா?"

"யாரு?"

"வெள்ளக் கோட்டு. எந்த ஆபீசு ஆளு அவரு? நான் பாத்ததே இல்லயே." பதிலுக்கு நிற்காமல் அவரும் போய்விட்டார்.

ராஜரத்தினம் மெல்லத் திரும்பினார். நடை காலியாக இருந்தது. பின்கதவு மூடியிருந்தது. கார்பாலிக் நெடியில் கண் கரித்தது.

கமலவேணி சமையலறைச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் தோளைப் பிடித்ததும் குமட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். திரும்பி வந்து முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "இந்த நேரத்துல இதுவும் ஒரு பாரமான்னு நெனச்சிடுவீங்களோன்னு பயந்து சொல்லல. தள்ளிப் போயிருக்குங்க. ரெண்டு மாசம்."

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அவளைச் சந்தேகப்பட்ட வெட்கம் அதன் பின்னால் வந்தது. அதற்கும் பின்னால், மெதுவாக, அந்தக் குட்டைக் கோடு வந்தது. சுமக்கிறவளே வாய் திறந்து சொல்லாத ஒன்றை அது எண்ணியிருந்தது.

மறுநாள் பகல் அப்பாசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் மேசை முன்னால் உட்கார்ந்தார். பசைப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்த அட்டவணயில எந்த வீட்ட எழுதுனீங்க தம்பி?"

"எந்த அட்டவணை?"

"மறைக்காதீங்க லா. ஷரீஃபுதீன் காலையிலயே சொல்லிட்டாரு." அப்பாசாமி குரலைத் தாழ்த்தினார். "அந்த வெள்ளச் சீட்ட ஒட்டுனதே நான்தான். நாலு பக்கமும் பச போட்டு. யாரும் படிக்கக் கூடாதுன்னு ஒட்டல, யாருக்கும் தேவப்படக் கூடாதுன்னு ஒட்டுனேன். வாந்திபேதி வந்த வருஷம் அந்தக் கோடி வீட்டுக்குள்ள போன இன்ஸ்பெக்டரு வெளிய வரல. வீட்ட இடிச்சோம். அவருக்குப் போக வீடு இல்லாம இருந்துச்சு. இப்ப நீங்க ஒரு வீட்ட எழுதிக் குடுத்துட்டீங்க."

ராஜரத்தினம் அவர் கண்ணையே பார்த்தார். நல்ல கதை. இதை நம்பினால் அடுத்து என்ன கேட்பான்?

"வெலக்க எடுத்திடுங்க. இப்பவே. சீட்ட வெறுமனே உரிச்சா போதாது. ஜப்பான் தொரை கையெழுத்துப் போட்டு உங்க வீடு பழையபடி பட்டியல்ல ஏறுனா, அவரு வேல முடிஞ்சுது, போயிடுவாரு."

அதானே! வீடு பட்டியலில் ஏறினால் நாளைக்கே மச்சு வரை வருவார்கள். இதற்குத்தான் இத்தனை சுற்றி வளைப்பா?

"என் வீட்டுல ஒளிக்க ஒண்ணும் இல்லண்ணே," என்றார்.

"ஒளிச்சிருக்கீங்கன்னு நான் சொன்னேனா?" அப்பாசாமிக்கு முகம் வாடிவிட்டது. "யாராச்சும் இருந்தா வேற எடத்துக்கு அனுப்புங்க. சீக்குக்காரங்க இருந்தா மொதல்ல அவங்கள. அவரு அவங்களத்தான் மொதல்ல பாப்பாரு." எழுந்து போய்விட்டார்.

ராஜரத்தினம் அசையவில்லை. மதியம் போனது. ஆபீசில் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இவன் ஜப்பான்காரன் ஆள், இல்லை, பயந்த மனுஷன், இல்லை, ஆள்தான் என்று மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. கடைசியில் புத்தகத்தைத் தூக்கிப் பசைப் பானையின் ஆவியில் அந்தப் பக்கத்தைக் காட்டினார். வெள்ளைச் சீட்டின் ஓரங்கள் நெகிழ்ந்தன. உரித்தார்.

அடியில் அச்சு எழுத்து மங்காமல் இருந்தது. மேற்படி வீட்டில் உள்ளோரை எண்ணுவதும், ஆகாதவர்களை அப்புறப்படுத்துவதும், எண்ணிக்கை குறையாமல் அவர்கள் இடத்தை நிரப்புவதும், அங்கே முன்பிருந்த இன்ஸ்பெக்டர் பொறுப்பிலேயே நீடிக்கும்.

தேவதாஸின் இருமல் அவர் காதுக்குள் கேட்டது.

விலக்கை நீக்கும் சீட்டை நின்றபடியே தட்டச்சு செய்தார். துரையின் அறை பூட்டிக் கிடந்தது. கதவிடுக்கில் சீட்டைச் செருகிவிட்டு ஓடினார். தேவதாஸை இப்போதே புக்கிட் பாருவில் தெரிந்தவர் தோப்புக்கு அனுப்ப வேண்டும். கமலாவையும். நாளைக்குச் சிப்பாய் வரட்டும், யார் வேண்டுமானாலும் வரட்டும். அப்பாசாமி சொன்னது மதியம். மதியமே வந்திருந்தால். வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு ஓடினார்.

வீட்டுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு இன்னும் ஏற்றவில்லை.

பின்கதவைப் பார்த்தார். நெட்டைக் கோடு மூன்று. குட்டை ஒன்று.

நெட்டையில் ஒன்றின் மேல் குறுக்குக் கோடு.

"தாசு," என்றார்.

அடுப்படியில் கமலவேணி முக்காலி மேல் நின்றிருந்தாள். பலகை நகர்ந்திருந்தது. இரண்டு கையாலும் தட்டை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டீங்களா? இவன் இன்னிக்கு இருமவே இல்லங்க. பேசவும் மாட்டேங்கறான். ஆனா பசி போல. பலகயத் தட்டிக் கூப்புட்டான்."

"எறங்கு கமலா."

"இருங்க, சாப்பாட்ட வாங்கிக்கட்டும்."

மேலே இருட்டு. கார்பாலிக். இருட்டிலிருந்து கை இறங்கியது.

வெள்ளைக் கோட்டின் கை. மணிக்கட்டில் பித்தளைப் பொத்தான். ஒட்ட வெட்டிய நகங்கள். வெளுத்த நகங்கள். கறை இல்லை.

தட்டை அது வாங்கவில்லை. தட்டைத் தாண்டிக் கீழே வந்தது. இன்னும் கீழே. ஒரு கை இவ்வளவு நீளம் இருக்காது.

"சும்மா இருடா, கூசுது," என்றாள் கமலவேணி. திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் கீழே குனிந்து பார்க்கவில்லை.

விரல்களுக்கு நடுவே சாக்குக்கட்டி. அவள் வயிற்றின் மேல், சேலையில், குட்டையாக ஒரு கோடு போட்டது. நிதானமாக. நேராக.

பிறகு சாக்குக்கட்டியைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தது.